அனுப்பும் முன் ஒரு நிமிடம்



நாம் எழுத்துக் கற்றோம். பஸ் போர்டு படிக்கிறோம். ரேஷன் அட்டை படிக்கிறோம். இப்போது கைப்பேசியில் வரும் செய்தியும் படிக்கிறோம். ஆனால் படித்ததை எல்லாம் நம்பலாமா? நம்பியதை எல்லாம் பிறருக்கு அனுப்பலாமா? எங்கள் படிப்பு வட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். படித்துப் பாருங்கள்.

1. பூக்கார அக்கா படித்த செய்தி

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையைத் தாண்டினால் சாலைக் கடைத்தெரு. அரிசி, பருப்பு, வாழைக்குலை, பூ, பாத்திரம் எல்லாம் அங்கே கிடைக்கும். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருக்கிறது. வேலை முடிந்த பிறகு மாலை 7 மணிக்கு அங்கே கூடுவோம். பூ விற்கும் அக்கா வருவார். சுமை தூக்கும் அண்ணாச்சி வருவார். இட்லிக்கடை ஆச்சி வருவார். இன்னும் ஏழெட்டுப் பேர் வருவார்கள். நான் பிளஸ் டூ வரை படித்தவள். அவர்களுக்குப் படிக்கச் சொல்லித் தரும் தொண்டர் நான்.

ஒரு நாள் பூக்கார அக்கா ஓடி வந்தார். முகம் எல்லாம் சிரிப்பு.

"டீச்சரே, இன்னைக்கு ஒரு மெசேஜ் முழுசா நானே படிச்சேன். யாரும் சொல்லித் தரல்ல."

"படிங்க அக்கா, கேப்போம்" என்றேன்.

அக்கா கைப்பேசியை விளக்குக்கு நேராகப் பிடித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பிள்ளை பிடிக்கும் கூட்டம் ஊருக்குள் வந்திருக்கிறது. புடவை கட்டிய ஆண்கள். பார்த்தால் விடாதீர்கள். எல்லோருக்கும் அனுப்புங்கள்."

செய்திக்கு மேலே ஒரு படம். படத்தில் இரண்டு திருநங்கைகள் நின்றார்கள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மூன்று மாதத்துக்கு முன்பு அக்காவுக்கு 'அ' தெரியாது. அதை நினைத்துத்தான் தட்டினேன். என்ன படித்தார் என்பதை நான் காதில் வாங்கவே இல்லை. அது என் தவறு.

"இத எல்லாருக்கும் அனுப்பிரட்டா?" என்று அக்கா கேட்டார். அவர் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

மூலையில் இருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "அனுப்பாத, பிள்ளே."

இட்லிக்கடை ஆச்சிதான் சொன்னார்.

2. ஆச்சி ஏன் படிக்க வந்தார்?

"ஏன் ஆச்சி? நல்ல விஷயம்தானே? பிள்ளைகளப் பெத்தவங்க உஷாரா இருக்கணும்லா?" என்றார் பூக்கார அக்கா.

ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"எனக்க மூத்தது ஆணாப் பொறந்திச்சு. இப்போ அது எனக்க மவ. நாகர்கோவில் பக்கம் கோயில் கொடைக்கு எல்லாம் கரகம் ஆடுவா. அந்த ஆட்டத்தப் படம் பிடிச்சு போனுல போடுவா. ஊர் பூரா பாக்கும். ஒரு நாள் வீட்டுக்கு வந்தா. போனப் பாத்துப் பாத்து அழுதா. 'என்ன எழுதியிருக்கு மக்களே?'ன்னு கேட்டேன். 'ஒண்ணும் இல்லம்மா, நல்லா ஆடுறேன்னு எழுதியிருக்காங்க'ன்னு சொன்னா. நல்லா ஆடுறேன்னு எழுதினா எதுக்கு அழணும்? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. அதான் இங்க வந்தேன்."

அறையில் சத்தமே இல்லை.

"இப்போ படிக்கத் தெரியும். போன வாரம் படிச்சுப் பாத்தேன். இதப் படிக்கவா நான் எழுத்துப் படிச்சேன்?"

அங்கே எழுதியிருந்த சொற்களை ஆச்சி சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இந்தப் பாடத்திலும் அவற்றை எழுதப் போவதில்லை. அவை திருநங்கைகளைக் கேலி செய்ய ஊரில் காலங்காலமாகச் சொல்லும் சொற்கள்தான். முன்பு தெருமுனையில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது நாலாயிரம் பேர் எழுதலாம். எழுதியது அழியாமல் நிற்கிறது. நள்ளிரவிலும் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. எழுதியவர் முகம் தெரிவதில்லை. பெயரும் பல நேரங்களில் பொய்ப் பெயர்.

பூக்கார அக்கா கைப்பேசியைக் கீழே வைத்தார்.

3. வலியதுறையில் நடந்தது

அன்று நான் அவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொன்னேன். அது நம் திருவனந்தபுரத்திலேயே நடந்தது.

2018-ஆம் ஆண்டுத் தொடக்கம். கேரளம் முழுவதும் ஒரு புரளி பரவியது. "வீட்டு ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் இருக்கிறது. பிள்ளை பிடிப்பவர்கள் அடையாளம் வைத்துப் போகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பெற்றோர் பயந்தார்கள். போலீசார் விசாரித்தார்கள். கண்ணாடிகள் ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்கக் கடைக்காரர்கள் ஒட்டும் ரப்பர் துண்டுகளே அவை என்று தெரிய வந்தது. ஆனால் உண்மை நடந்து வந்தது. புரளி பறந்து போனது.

பிப்ரவரி மாதம். வலியதுறை கடற்கரைப் பகுதியில் ஒரு திருநங்கை நடந்து போனார். சிலர் அவரை மறித்தார்கள். "பிள்ளை பிடிக்க வந்தவர்" என்றார்கள். கூட்டம் கூடியது. அவரை அடித்தது. உடையைப் பிடித்து இழுத்தது. சிலர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பினார்கள். அவர் எந்தப் பிள்ளையையும் பிடிக்கவில்லை. போலீசார் வழக்குப் பதிந்தார்கள். ஆனால் பட்ட அடியையும் அவமானத்தையும் யார் திரும்ப எடுக்க முடியும்?

அதே ஆண்டு மே மாதம் ஐதராபாத்திலும் இதே புரளி பரவியது. அங்கே கூட்டம் ஒரு திருநங்கையை அடித்தே கொன்றுவிட்டது.

அண்ணாச்சி கேட்டார்: "அடிச்சவனத்தானே பிடிக்கணும்? மெசேஜ் அனுப்பினவன் என்ன செய்தான்?"

நல்ல கேள்வி. அனுப்பியவர் அடிக்கவில்லை. ஆனால் அடித்தவர் மனத்தில் அந்த எண்ணத்தை யார் போட்டது? வைக்கோலுக்குத் தீ வைத்தவர் ஒருவர். தீக்குச்சியைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் நூறு பேர்.

4. ஒரு கணக்குப் போடுவோம்

புரளி எவ்வளவு வேகமாகப் பரவும்? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் ஒரு செய்தியை 5 பேருக்கு அனுப்புகிறார். அந்த 5 பேரும் ஆளுக்கு 5 புதியவர்களுக்கு அனுப்புகிறார்கள்.

முதல் முறை: 5 பேர்
இரண்டாம் முறை: 25 பேர்
மூன்றாம் முறை: 125 பேர்
நான்காம் முறை: 625 பேர்
ஐந்தாம் முறை: 3,125 பேர்

ஐந்தே முறையில் 3,125 பேர்! ஒருவர் காபி குடித்து முடிப்பதற்குள் இது நடந்துவிடும்.

இப்போது இன்னொரு கணக்கு. முதல் 5 பேரில் ஒருவர் மட்டும் அனுப்பாமல் நிறுத்துகிறார். அப்படியானால் ஐந்தாம் முறையில் 625 பேருக்கு அந்தச் செய்தி போகாது. ஒருவர் நிறுத்தினால் 625 பேர். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

புரளியால் பலர் இறந்த பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. பிறரிடம் இருந்து வந்த செய்தியை ஒரே நேரத்தில் 5 இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது. அப்படிப்பட்ட செய்தியின் மேல் ஓர் அம்புக்குறியும் தெரியும். பல கை மாறி வந்த செய்தி என்றால் இரண்டு அம்புக்குறி தெரியும். 2020 ஏப்ரலில் இருந்து இரண்டு அம்புக்குறி உள்ள செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும்.

உங்கள் கைப்பேசியில் அந்த அம்புக்குறியைத் தேடிப் பாருங்கள். அம்புக்குறி இருந்தால், அனுப்பியவர் எழுதியது அல்ல அது. யார் எழுதியது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

5. இவர்கள் யார்?

பூக்கார அக்கா கேட்டார்: "ஆச்சி, கோவிச்சுக்காத. நான் கேக்கட்டா? இது எதனால வருது? சீக்கா?"

கேட்பதில் தவறு இல்லை. தெரியாமல் இகழ்வதுதான் தவறு.

சிலர் ஆணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்கிறார்கள். அவர்களைத் திருநங்கை என்கிறோம். சிலர் பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு, தன்னை ஆணாக உணர்கிறார்கள். அவர்களைத் திருநம்பி என்கிறோம். இவர்களைப் பொதுவாகத் திருநர் என்று சொல்கிறோம். சிலருக்கு ஆணுக்கு ஆண் மேல், பெண்ணுக்குப் பெண் மேல் அன்பு பிறக்கிறது. இவர்களைத் தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்கிறோம்.

இது நோய் இல்லை. பாவம் செய்ததால் வந்ததும் இல்லை. தன்பால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நோய்ப் பட்டியலில் இருந்து நீக்கியது.

நாட்டின் சட்டமும் மாறி வந்திருக்கிறது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. அவர்களும் சம உரிமை உள்ள குடிமக்கள் என்று தீர்ப்புச் சொன்னது.

2015-ல் கேரள அரசு திருநர்களுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் கேரளம்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு அளித்தது. வயது வந்த இருவர் விரும்பி உறவு கொள்வது, அவர்கள் ஒரே பாலினமாக இருந்தாலும், குற்றம் இல்லை என்றது. அதற்கு முன்பு, வெள்ளைக்காரர் 1860-ல் எழுதிய 377-ஆம் பிரிவு அதைக் குற்றமாக வைத்திருந்தது.

2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு சொல் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இவர்களைப் பற்றி எழுதும்போது எந்தச் சொற்களை மதிப்போடு பயன்படுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. சொல் சிறியது என்று நினைக்க வேண்டாம். ஒரு சொல்லுக்காக அரசு அரசிதழே அச்சடித்தது.

நம் எழுத்தறிவு இயக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளியில் கேலி தாங்காமல் பல திருநர்கள் படிப்பை விட்டிருக்கிறார்கள். அவர்கள் மீண்டும் படிக்கக் கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் 'சமன்வயா' என்ற திட்டத்தைத் தொடங்கியது.

6. சொல் கொல்லுமா?

"வாயால சொன்னா உடம்புல ஒட்டவா போவுது?" என்று சிலர் கேட்பார்கள்.

பிரவீண் நாத் என்ற திருநம்பி பாலக்காட்டுக்காரர். உடற்பயிற்சி செய்து உடலை வளர்த்தார். 2021-ல் திருநம்பிகள் பிரிவில் 'மிஸ்டர் கேரளா' பட்டம் வென்றார். 2023-ல் மணம் முடித்தார். சில மாதங்களில் அவருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் வதந்தி கிளம்பியது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் இழிவாக எழுதினார்கள். அந்த ஆண்டு மே மாதம் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இணையத்தில் நடந்த தாக்குதல் அவரை மிகவும் வாட்டியது என்று திருநர் அமைப்பினர் வருந்திச் சொன்னார்கள்.

ஒருவர் இறப்புக்குக் காரணம் ஒன்று மட்டும் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் துன்பத்தில் இருப்பவர் தலையில் ஆயிரம் பேர் ஆளுக்கொரு கல் வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் "நான் ஒரு கல்தானே வைத்தேன்" என்பார்கள்.

உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்தவருக்கோ மனம் உடைந்து போனால் தனியாக இருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது அரசின் மனநல உதவி எண். பணம் கிடையாது. தமிழிலும் பேசலாம். கேரளத்தில் 1056 என்ற எண்ணும் உண்டு.

7. சட்டம் என்ன செய்யும்?

ஒருவர் செய்த செயலைக் கண்டிப்பது வேறு. ஒருவர் பிறந்த விதத்தை இகழ்வது வேறு. "இந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதலாம். அது கருத்து. "இப்படிப்பட்டவர்கள் வாழவே கூடாது, அடித்து விரட்டுங்கள்" என்று எழுதுவது வெறுப்புப் பேச்சு.

2019-ல் நாடாளுமன்றம் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. திருநர்களை உடலால் மட்டும் அல்ல, சொல்லால் வதைப்பதும் குற்றம் என்று அந்தச் சட்டம் வகுத்தது.

ஆனால் சட்டத்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது. 2020 நவம்பரில் கேரள அரசு இணைய அவதூறைத் தடுக்க ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது மிகவும் அகலமாக இருந்தது. நியாயமாகக் குறை சொல்பவரையும் சிறையில் போட அதைப் பயன்படுத்தலாம் என்று பலர் எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது. எல்லோர் வாயையும் பூட்டும் பூட்டு நமக்கு வேண்டாம். அவரவர் விரலுக்கு அவரவர் காவல் வேண்டும்.

8. நாம் என்ன செய்யலாம்?

எங்கள் வட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பேசினோம். கரும்பலகையில் எழுதினோம்.

செய்தி வந்தால் மூன்று கேள்வி கேட்போம். இதை எழுதியது யார்? எப்போது, எந்த ஊரில் நடந்தது? இதனால் யாருக்காவது அடி விழுமா? முதல் இரண்டுக்கும் விடை தெரியாவிட்டால் அனுப்ப மாட்டோம். மூன்றாவதற்கு 'ஆம்' என்றால் அனுப்பவே மாட்டோம்.

நம்மையோ, நம் வீட்டாரையோ இழிவாக எழுதினால்:

பதிலுக்குத் திட்ட வேண்டாம். திட்டினால் கூட்டம் கூடும்.

அழிக்கும் முன் அதைக் கைப்பேசியிலேயே படம் எடுத்து வையுங்கள். எழுதியவர் பெயர், நாள், நேரம் படத்தில் தெரியட்டும். அதுதான் சாட்சி.

பிறகு அந்த ஆளைத் தடை செய்யுங்கள். அந்த நிறுவனத்துக்கும் புகார் செய்யுங்கள். புகார் செய்யும் பொத்தான் ஒவ்வொரு பதிவுக்கும் உண்டு. 2021-ஆம் ஆண்டு விதிப்படி நிறுவனங்கள் குறை கேட்கும் அதிகாரியை வைத்திருக்க வேண்டும்.

மிரட்டல் இருந்தால் போலீஸ் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். சைபர் போலீஸ் நிலையத்துக்கும் போகலாம். அவசரம் என்றால் 112. வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

இன்னொன்று. பாதிக்கப்பட்டவருக்குப் பரிதாபப்பட்டுக்கூட அந்த இழிவான படத்தைப் பிறருக்கு அனுப்ப வேண்டாம். அவமானம் இன்னும் பரவும்.

9. ஆச்சி படித்த செய்தி

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி அல்ல. சேலக்கோடன் ஆயிஷா என்ற, புதிதாகப் படிக்கக் கற்ற பெண்மணி. அன்று படிப்பு என்றால் கடிதம், மனு, பஸ் போர்டு. இன்று நம் கையில் ஊர் முழுவதற்கும் கேட்கும் ஒலிபெருக்கி இருக்கிறது. கற்க வேண்டியது கூடிவிட்டது.

அன்று பூக்கார அக்கா அந்தச் செய்தியை அழித்தார். அதை அனுப்பிய தன் நாத்தனாருக்குத் தானே எழுத்துக் கூட்டி ஒரு வரி எழுதினார். "மதினி இது பொய். யாருக்கும் அனுப்பாண்டாம்."

பிறகு ஆச்சியிடம் கேட்டார்: "உங்க மவ ஆடினத எனக்குக் காட்டுங்க."

எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். தலையில் கரகம் அசையவே இல்லை. கீழே இழிவான வரிகள் பல இருந்தன. "இதுக்குக் கீழ நாமளும் எழுதலாமா?" என்று அண்ணாச்சி கேட்டார். அன்றைய எழுத்துப் பயிற்சி அதுதான். ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதினார்கள். பூக்கார அக்கா எழுதியது இது: "நல்லா ஆடுத மக்களே. அடுத்த கொடைக்கு கரகத்துக்குப் பூ நான் தாறேன்."

மறுநாள் ஆச்சி கைப்பேசியோடு வந்தார். மகள் பதில் எழுதியிருந்தாள். ஆச்சி அதை எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"அம்மா, இதப் படிச்சியா?"

"படிச்சேன்னு எழுதணும். 'ச்'சன்னா எப்படி போடணும், டீச்சரே?" என்று கேட்டார் ஆச்சி.

சிந்தித்துப் பேசுங்கள்

1. செய்தியைப் படித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அதில் என்ன தவறு?
2. "நான் அடிக்கவில்லை, அனுப்பத்தான் செய்தேன்" என்பது சரியா?
3. உங்கள் ஊரில் திருநர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? அவர்களை என்ன சொல்லி அழைக்கிறீர்கள்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. மனநல உதவி எண் ________.
2. இரண்டு அம்புக்குறி இருந்தால், செய்தி பல ________ மாறி வந்தது.
3. முதல் 5 பேரில் ஒருவர் நிறுத்தினால் ஐந்தாம் முறையில் ________ பேருக்குச் செய்தி போகாது.

சொல் அறிவோம்

புரளி: பொய்யாகப் பரவும் செய்தி
அவதூறு: ஒருவர் பெயரைக் கெடுக்கும் பொய்ப் பேச்சு
அரசிதழ்: அரசு ஆணைகளை வெளியிடும் இதழ்
வெறுப்புப் பேச்சு: ஒருவரை அவர் பிறப்புக்காக இகழ்ந்து, பிறரைத் தூண்டிவிடும் பேச்சு

செய்து பாருங்கள்

உங்கள் கைப்பேசிக்குக் கடைசியாக வந்த மூன்று செய்திகளைப் பாருங்கள். எதில் அம்புக்குறி இருக்கிறது? அதற்கு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடையை நோட்டில் எழுதி, வட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.